காலையில் நர்ஸ் தரப்பு, மதியம் அரசுத் தரப்பு

அன்புள்ள சிஸ்டருக்கு,

இங்கே நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நீயும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் எழுதுவாய். அதனால் அதைக் கேட்கவில்லை. முதுகுவலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன். அதற்காவது பொய் சொல்லாமல் பதில் எழுது.

நான் போன தடவை எழுதியது பாதிக்கு மேல் கறுப்பு மை பூசித்தான் உன் கைக்கு வந்தது என்று எழுதியிருந்தாய். வழக்கைப் பற்றி ஒரு வரி கூட எழுதக் கூடாதாம், வீட்டு விஷயம் மட்டும் எழுதலாமாம். நான் என்ன கண்டேன்? தமிழ் படிக்கத் தெரிந்த ஆளை அந்தச் சிறைக்கு எங்கிருந்துதான் பிடித்தார்களோ. இதைப் படிக்கப்போகும் ஐயாவுக்கோ அம்மாவுக்கோ என் வணக்கம். இனிமேல் எங்கள் சட்டக் கல்லூரிச் செய்திகளைத்தான் எழுதப்போகிறேன். உங்களுக்கு மை மிச்சம்.

முதலில் மகள். பரீட்சை நெருங்குகிறது, படிக்கிறாள். தலை பின்னிவிட எனக்கு வரவில்லை என்று முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். உனக்குக் கோபம் வரும், தெரியும். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு. அம்மா எப்போது வருவார்கள் என்று பள்ளியில் கேட்டால், லீவு கிடைக்கவில்லை என்று சொல்கிறாளாம். நான் சொல்லிக்கொடுத்ததுதான். இப்போது என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

கல்லூரியில் யாருக்கும் தெரியாது. உன் காண்டிராக்டை நீட்டித்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். முதல்வர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், மிஸஸ் கொடுத்துவைத்தவர், வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்றால் சும்மாவா என்கிறார். நான் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

செய்திமடலுக்கு நான் சேர்த்து வைத்திருப்பதை உனக்கும் சொல்கிறேன். குடும்பச் சட்டம் எடுக்கும் மேடத்துக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. அவருடைய வகுப்புகளை யார் எடுப்பது என்று ஆசிரியர்களுக்குள் ஒரே இழுபறி. நூலகத்தில் கூரை ஒழுகி, பழைய தீர்ப்புத் தொகுதிகள் நனைந்துபோய், மொட்டை மாடியில் வடாம் மாதிரி காய்கின்றன. போன வருடம் படித்து முடித்த இரண்டு பேர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கட்டணம் கட்ட வரும்போது என்னை முறைத்தவர்கள்தான், இப்போது தோளில் கை போடுகிறார்கள். அடுத்த மாதம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பேச வருகிறார். அதற்கடுத்து மூட் கோர்ட், அதுதான் மாதிரி நீதிமன்றப் போட்டி. கற்பனையாக ஒரு வழக்கை எழுதிக் கொடுப்பார்கள். நான்கு அணிகள் மோதும். நேரம் பார்த்து மணியடிப்பது வழக்கம்போல நான்தான்.

வழக்கை எழுதிக்கொடுப்பவர் செக்‌ஷன் சார். குற்றவியல் பேராசிரியர், உனக்கு நினைவிருக்கும். டீயில் சர்க்கரை குறைந்தால் கூட எந்தப் பிரிவில் கேஸ் போடலாம் என்று யோசிக்கிற ஆள். இந்த வருட வழக்கை டைப் அடிக்க என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். பாதி அடித்த பிறகுதான் என் கை நின்றது.

திருமதி 'க' என்று ஒரு நர்ஸ். அயல்நாட்டு ஆஸ்பத்திரியில் வேலை. ஆள் பற்றாக்குறை, வார்டு முழுவதையும் அவர் ஒருவரே பார்க்கிறார். ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. மருத்துவருக்குப் போன் செய்கிறார். மருத்துவர் போனிலேயே ஊசி மருந்தும் அளவும் சொல்கிறார். நர்ஸ் போடுகிறார். நோயாளி இறந்துவிடுகிறார். நான் சொன்ன அளவு அது இல்லை என்கிறார் மருத்துவர். சொன்னதைத்தான் போட்டேன் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் வாக்குமூலம் கொடுக்கிறார் நர்ஸ். கீழ்க் கோர்ட்டில் நர்ஸுக்குச் சிறை. இப்போது மேல்முறையீடு. இதுதான் வழக்கு.

யாருடைய கதை என்று நான் எழுதப்போவதில்லை. இது கற்பனை வழக்கு, கல்லூரிச் செய்தி. செக்‌ஷன் சார் ஏதோ பத்திரிகைத் துண்டில் பார்த்து, பெயரை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "ரெண்டு பக்கமும் சமமா நிக்குது பாருங்க. இப்படி ஒரு கேஸ் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று என் முதுகில் தட்டினார். ஆமா சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரு வீட்டு விஷயம். அங்குள்ள வக்கீல் ஒரு தாள் கொண்டுவந்ததாக எழுதியிருந்தாயே, தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டால் இதுவரை இருந்ததே போதும் என்று அனுப்பிவிடுவார்கள், ஆனால் இனி எங்கேயும் நர்ஸ் வேலை பார்க்க முடியாது என்று. என்னைக் கேட்டிருந்தாய். செய்யாத தவறுக்கு எதற்குக் கையெழுத்து? போடாதே. ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு இதைக் கூடச் சொல்லக் கூடாது என்றால் என்ன வீட்டு விஷயம் அது?

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

இப்படிக்கு,
உன் ஆபீசர்


அன்புள்ள சிஸ்டருக்கு,

உன் கடிதம் வந்தது. மை படாமல் என் கடிதம் முழுதாக வந்தது என்று படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதுகுவலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. சரி, புரிந்துகொண்டேன்.

தாளைப் பற்றி நீ எழுதியதை மகளுக்கும் படித்துக் காட்டினேன். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு இனி ஒரு நோயாளியின் கையை எப்படிப் பிடிப்பேன் என்று கேட்டிருந்தாய். அவள் கடிதத்தை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தத் திருமதி 'க'வுக்கு யார் வாதாடுகிறார்கள் என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சொல்கிறேன். நான்காம் ஆண்டில் ஒரு பெண், எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்ன உருவம், பேச்சு மட்டும் எட்டூருக்குக் கேட்கும். குலுக்கலில் அவளுக்கு நர்ஸ் தரப்பு விழுந்தது. சீட்டுக் குலுக்கியதே நான்தான். தாயக்கட்டை உருட்டுகிறவன் மாதிரி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே எடுத்தேன். அவள் வழக்கைப் படித்துவிட்டு என் அறைக்கு வந்து, வார்டில் ஆள் போடாத ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு நர்ஸைப் பிடித்திருக்கிறார்களே, இது அநியாயம் இல்லையா என்று பொரிந்து தள்ளினாள். அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

இப்போது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. போட்டிக்கு முன்னால், வழக்கில் ஏதாவது விளங்கவில்லை என்றால் அணிகள் எழுதிக் கேட்கலாம். யார் கேட்டது என்று காட்டாமல் எல்லாக் கேள்விகளையும் தொகுத்து நான் செக்‌ஷன் சாரிடம் கொடுப்பேன். அவர் எழுதும் பதிலை எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். அந்தக் கேள்விகளின் நடுவே நானும் ஒன்றைச் சொருகிவிட்டேன். மருத்துவர் போனில் சொன்ன அளவை நர்ஸ் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டாரா? இவ்வளவுதான் கேள்வி.

நீ போனில் என்னிடம் சொன்னது இதுதானே. வாயால் திருப்பிச் சொன்னேன், ஆமாம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனை வைத்தார் என்று சொன்னாயே. அங்கே இதைக் கேட்பாரில்லை. இங்கே ஒரு கல்லூரி ஹாலிலாவது நான்கு பேர் காதில் விழட்டும் என்று நினைத்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான்.

செக்‌ஷன் சார் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அருமையான கேள்வி, யார் கேட்டது என்றார். தெரியவில்லை சார் என்றேன். பிறகு பேனாவை எடுத்து, கொடுக்கப்பட்ட விவரங்களுக்கு மேல் எதையும் ஊகிக்கக் கூடாது என்று எழுதினார். இந்தப் போட்டியின் விதியே அதுதான். வழக்குத் தாளில் இல்லாதது உலகத்திலேயே நடக்கவில்லை. நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் எதிரே நின்றுகொண்டு, சரிங்க சார் என்று தாளை வாங்கிக்கொண்டேன். நானே போய்ப் பலகையில் ஒட்டினேன்.

போகட்டும். பட்டாசு இருக்கிறாள். அவள் பேசட்டும், உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் ஆபீசர்


அன்புள்ள சிஸ்டருக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். வீட்டில் எல்லோரும் சுகம். மகள் பரீட்சையை நன்றாக எழுதினாளாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூட் கோர்ட் முடிந்தது. ஹாலில் மேடை போட்டு, நீதிபதிகள் என்று மூன்று பேரை உட்காரவைத்தோம். பேச வந்த அந்த ஓய்வுபெற்ற நீதிபதியும் அதில் ஒருவர். மணியோடு நான் ஓரத்து மேஜையில்.

காலையில் பட்டாசு எழுந்தாள். நீ அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு வார்டையே ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, ஏதாவது ஆனால் அவள் பாடு என்று கைகழுவுகிற ஆஸ்பத்திரியை அவள் விளாசியதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன். அவளுக்கான நேரம் முடிந்தது. எனக்கு மணியடிக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டும், இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிட்டேன். செக்‌ஷன் சார் திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான் அடித்தேன். அந்தச் சுற்றில் அவள் அணிதான் ஜெயித்தது. நர்ஸ் ஜெயித்தார். ஹாலே கை தட்டியது, நானும் தட்டினேன். அந்த ஒரு மணி நேரம் நான் மனிதனாக இருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஜெராக்ஸ் எடுக்க என் அறைக்கு வந்தாள். ரொம்ப நன்றாகப் பேசினாய் அம்மா, மதியமும் அந்த நர்ஸை விட்டுவிடாதே என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மதியம் நான் அரசுத் தரப்பு சார். காலைல நான் சொன்னதையெல்லாம் நானே உடைக்கணும்."

எத்தனை வருடமாக இந்தப் போட்டியை நடத்துகிறேன். ஒவ்வொரு அணியும் இரண்டு பக்கமும் வாதாட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? அட்டவணையைத் தயாரித்ததே நான். காலை நர்ஸ் தரப்பு, மதியம் அரசுத் தரப்பு என்று என் கையால் அடித்து ஒட்டியிருக்கிறேன். என் கண்ணில் காலை மட்டும்தான் பட்டிருக்கிறது. இப்படி ஒரு முட்டாளை நீ எங்கே பார்த்துக் கட்டிக்கொண்டாய்?

அது போதாதென்று, காலையில் அவளுக்கு நேரம் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன் என்று மற்ற அணி புகார் செய்துவிட்டது. நியாயம்தான். மதியம் ஒரு நொடி பிசகக் கூடாது என்று செக்‌ஷன் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மதியம் நர்ஸ் தரப்பில் எழுந்தவரை எல்லோரும் ரிட்டயர்டு என்பார்கள். பாங்கியில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு சட்டம் படிக்க வந்தவர். நல்ல மனிதர். ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எதிரே பட்டாசு. முதலில் அவள்தான் பேசினாள். காலையில் அழவைத்த அதே குரல்.

போனில் சொன்ன அளவை நர்ஸ் திருப்பிச் சொன்னதாக வழக்கில் எங்கேயும் இல்லை என்றாள். இதை யாரோ தனியாகவே கேட்டு, பதிலும் பலகையில் ஒட்டியிருக்கிறது என்று அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். நான் சொருகிய கேள்வி, நான் ஒட்டிய பதில். அதன் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உண்மையிலேயே திருப்பிச் சொல்லியிருந்தா, ஒரு நர்ஸ் வாயிலேருந்து முதல்ல வர்ற வார்த்தையே அதுவாத்தானே இருக்கும்? முதல் வாக்குமூலத்துல அது ஏன் இல்ல?"

நீதிபதிகள் மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

ரிட்டயர்டு எழுந்தார். பாஷை தெரியாத ஊரில், மொழிபெயர்ப்பாளர் சொன்னதுதான் வாக்குமூலம், அதில் எது விட்டுப்போனது என்று நமக்கு எப்படித் தெரியும் என்ற இடத்துக்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தார். அந்த மொழிபெயர்ப்பாளர்... என்று அவர் வாயெடுத்தபோது நேரம் முடிந்தது. செக்‌ஷன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கைதான் மணியை அடித்தது. அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். மரியாதை தெரிந்தவர்.

அரசுத் தரப்பு ஜெயித்தது. காலையும் ஜெயித்து மதியமும் ஜெயித்ததால் கோப்பை பட்டாசுக்குத்தான், சிறந்த பேச்சாளர் பரிசும் அவளுக்கே. மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் ஓடிவந்து, அங்கிள் தேங்க்ஸ் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. செய்திமடலில் அவளுக்கு வாழ்த்து எழுத வேண்டும். முதல்வர் போட்டோவோடு கேட்டிருக்கிறார்.

சிஸ்டர், இனி எழுதப்போவது கல்லூரிச் செய்தி இல்லை. இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, உங்களுக்கும் வீடு வாசல், பிள்ளை குட்டி இருக்கும். கீழே உள்ள சில வரிகளை மட்டும் விட்டுவிடுங்கள். வேறு எதை வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டபோது ஒரு நிமிஷம் நானும் தலையாட்டிவிட்டேன். உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது. முதல் தடவை நீ போனில் பேசியபோது அழுதாய், அவ்வளவுதான். அடுத்த தடவை மகளைப் பற்றி மட்டுமே கேட்டாய். திருப்பிச் சொன்னேன் என்று நீ சொன்னது அதற்கும் பிறகுதான். அது ஏன் அப்படி என்று அந்த ஒரு நிமிஷம் என் மனசு கேட்டது. பெரிய வக்கீல் தேவையில்லை, இருபது வயதுப் பெண் ஒருத்தி அரை நாளில் என்னையே அசைத்துவிட்டாள். நான் உன் புருஷன். அங்கே உன்னை முன்பின் தெரியாத மூன்று பேர் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள். அந்தப் போனில் நீயும் மருத்துவரும் என்ன பேசினீர்கள் என்று அவர்கள் தேடப்போவதில்லை. தாளில் இருப்பதைப் பார்ப்பார்கள், யாரோ ஒருவன் மணியடிப்பான், எழுந்து போய்விடுவார்கள்.

உன் மேல்முறையீடு தொடங்கிவிட்டால் அந்தத் தாளை மறுபடி நீட்டமாட்டார்கள் என்று வக்கீல் எனக்கு எழுதியிருக்கிறார். தண்டனை கூடவும் கூடுமாம். போடாதே என்று பெரிய இவன் மாதிரி எழுதினேனே, அதை மறந்துவிடு. கையெழுத்துப் போட்டுவிடு. கும்பிட்டுக் கேட்கிறேன்.

இனி நோயாளியின் கையைப் பிடிக்க முடியாதே என்பாய். முடியாதுதான். உன் தொழில் உனக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதை விட்டுவிடச் சொல்கிறவன் நானாக இருக்கிறேனே என்று நெஞ்சு வேகிறது. ஆனால் உன் மகள் நேற்று இரண்டு தட்டு வைத்துச் சாப்பாடு போட்டாள். முன்பெல்லாம் மூன்று வைத்துவிட்டு ஒன்றை எடுத்து உள்ளே வைப்பாள். நேற்று எடுக்கும்போதே இரண்டுதான் எடுத்தாள். அதை அவள் கவனிக்கவே இல்லை, நான்தான் பார்த்தேன்.

நீ திருப்பிச் சொன்னாயா இல்லையா என்று இந்த ஜென்மத்தில் நான் கேட்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் சரி, அந்த அவசரத்தில் மறந்திருந்தாலும் சரி. தப்புச் செய்தவள் என்று முத்திரை குத்தி அனுப்பினாலும் அப்படியே வந்து சேர். வாசலில் வந்து நின்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் புருஷன்